மஞ்சள்கரு வாளி

ஜெயரூபா திரைக்கு அந்தப் பக்கம் போய் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் சுவர்க் கடிகாரத்தை நாலு தடவை பார்த்துவிட்டேன். ஏழு இருபது. திரை தரையைத் தொடவில்லை. கீழே ஒரு சாண் இடைவெளியில் என் மகளின் கால்கள் தெரிகின்றன, செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறாள், என்னிடம் சொல்லவேயில்லை, இன்றைக்கே புதுசு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும், இன்றைக்கா, இன்றைக்கு எப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும். ஸ்பிரிட் வாசனை. எதிரே ஒரு பெரியவர் காலி வயிற்றோடு கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு இந்த பெஞ்சு புதிதில்லை. ஆறு வருஷமாக இங்கேதான் வந்து முழங்கையை நீட்டுகிறேன், கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று எழுதிய தாளை வாங்கிக்கொண்டு போகிறேன், ஒரு தடவைகூட இப்படிக் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. அது என் இரத்தம். இது அவள் இரத்தம். அதில் எங்கள் குடும்பத்துக் கோளாறு இருக்கிறதா இல்லையா என்பது அவள் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம், இந்த ஊசி எதையும் உள்ளே வைக்கப்போவதில்லை, எடுத்துப் பார்க்கத்தான் போகிறது, எனக்குத் தெரியும், டாக்டர் படம் போட்டே சொல்லியிருக்கிறார். ஆனாலும் திரைக்குள் அந்த நர்ஸ் பெண் குனியும் நிழல் விழும்போது, நானே கூட்டிவந்து அதை என் பிள்ளைக்குள் ஏற்றிவிடுகிறேன் என்றுதான் மனசு சொல்கிறது. எழுந்து போய், போதும் வா என்று கூப்பிட்டுவிடலாமா. பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். உங்களுக்கு இருப்பதால் உங்கள் பிள்ளைக்கு இருக்க பாதி வாய்ப்பு, இல்லாமல் இருக்கவும் பாதி. பூவா தலையா போடுகிற மாதிரி. என் மனைவி அதனால்தான் வரவில்லை. நீங்க போயிட்டு வாங்க, எனக்கு அங்க உக்காந்தா நெஞ்சு அடிச்சுக்கிடும் என்றாள். நெஞ்சு அடிப்பதைப் பற்றி என்னிடம் சொல்கிறாள் பாருங்கள்.

எல்லாம் அந்த மஞ்சள்கரு வாளியில்தான் தொடங்கியது என்று எத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அண்ணனும் நானும் இந்தத் தூத்துக்குடியில் ஒரே பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தோம், அண்ணன் சுடலைமணி முதலில், மூன்று வருஷம் கழித்து நான். மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளை மட்டும்தான் வேண்டும். வெள்ளையும் சீனியும் அடித்து நுரையாகப் பொங்கி வரும்போது முந்திரித்தூளைத் தூவிக் கிளற வேண்டும், ஒரு சொட்டு மஞ்சள் கலந்தாலும் நுரை நிற்காது. அதனால் நானூறு முட்டை உடைத்தால் நானூறு மஞ்சள்கரு ஒரு பக்கம் வாளியில் விழும். கேக்குக்குக் கொஞ்சம் போகும், மிச்சத்தை வேலைக்காரர்கள் தூக்குச்சட்டியில் வீட்டுக்கு எடுத்துப் போவோம். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு மஞ்சளை மட்டும் கிண்டினால் அது ஒரு தனி ருசி, வாயில் ஒட்டும், அண்ணன் மனைவி, என் மதினி, கிண்டினால் ரெண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் கிண்டுவாள். எத்தனை சட்டி தின்றிருப்போம். அண்ணனுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும்போது கண்ணிமையின் ஓரத்தில், மூக்குப் பக்கம், மஞ்சளாக ஒரு தடிப்பு வந்தது, பருப்பு ஒட்டினாற்போல. அம்மா அதைத் தடவிப் பார்த்து, உங்கப்பாவுக்கும் இருந்துச்சு, அதிர்ஷ்டம் என்றாள். அப்பாவுக்கும் இருந்தது. அந்த இடத்தில் நாங்கள் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். ஒரு நாளும் பேக்கரி வாளியைப் பார்த்ததில்லை, கஞ்சியும் கருவாடுமே அவர் சாப்பாடு, உடம்பில் ஒரு பிடி சதை கிடையாது. நாற்பத்து மூன்று வயதில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே சாய்ந்துவிட்டார். கண் பட்டுவிட்டது என்றார்கள், வெயில் என்றார்கள். இமையில் இருந்த மஞ்சளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரை அசைந்தது. அவள் இல்லை, வேறு யாரோ. நர்ஸ் பெண்ணிடம் ஏதோ கேட்டுச் சிரிக்கிறாள் என் மகள், சத்தம் வருகிறது. என்னத்தைக் கேட்டிருப்பாள். அண்ணனும் இப்படித்தான், ஊசி போடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். அண்ணனுக்கு நாற்பத்து நாலு நடக்கும்போது பேக்கரி முதலாளி ஒரு மருத்துவ முகாம் ஏற்பாடு செய்தார், அதில்தான் கொலஸ்ட்ரால் முந்நூற்று நாற்பது என்று வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கே அண்ணன் மஞ்சள்கருவை விட்டார், ஆட்டுக்கறியை விட்டார், காலையில் பூண்டை நசுக்கித் தண்ணீரில் போட்டுக் குடித்தார், மாத்திரையும் போட்டார். நாலு மாதத்தில் நம்பர் நூற்றெண்பதுக்கு வந்தது. தாளை எடுத்துவந்து என்னிடம் காட்டினார், பரீட்சையில் பாஸ் ஆன பையன் மாதிரி. கொறஞ்சிட்டுல்லா, இன்னும் என்னத்துக்கு மாத்திர, வாயக் கட்டுனா போதும் என்றார். நான் ஆமாம் என்றேன். ஆமாம் என்றுதான் சொன்னேன். இந்த ஒரு இடத்துக்கு வந்தால் என் நினைப்பு துணி முள்ளில் மாட்டினாற்போல நின்றுவிடும், முன்னாலும் போகாது பின்னாலும் போகாது. அடுப்பில் தீ எரிவதால்தான் சூடு நிற்கிறது, சூடுதான் இருக்கிறதே என்று தீயை அணைத்தால் எத்தனை நேரம் நிற்கும், இருபது வருஷம் அடுப்புக்கு முன்னால் நின்றவர்கள் நாங்கள் ரெண்டு பேரும், எங்களுக்குத் தோன்றவில்லை. மதினிக்குத் தோன்றியது. மதினி பிரம்மசக்தி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மாத்திரையைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள், அண்ணன் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் வெளியே எறிவார். கெஞ்சியிருக்கிறாள். என்னிடமும் வந்து சொல்லியிருக்கிறாள், நீங்க சொன்னா கேப்பாவ தம்பி, ஒரு வார்த்த சொல்லுங்க என்று. சொல்கிறேன் மதினி என்றேன். சொல்லவில்லை. ஒன்பது மாதம் கழித்து ஒரு காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு மைதா மூட்டையில் உட்கார்ந்தார். வாயு பிடிச்சிருக்கு, ஒரு சோடா வாங்கிட்டு வா என்றார். நான் சோடா வாங்கப் போனேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டியவன் சோடா வாங்கப் போனேன்.

பிறகு அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். அண்ணனுக்காக அரை மணி நேரம் பாடுபட்டுவிட்டு, முடியாமல், வெளியே வந்து மதினியிடம் சொன்னார். மதினி அழுதுகொண்டிருந்தாள், நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா போகத் திரும்பியவர் என் முகத்தைப் பார்த்து நின்றார், என் இமையைப் பார்த்திருக்கிறார், எனக்கும் அப்போது அந்த மஞ்சள் லேசாக வந்திருந்தது, இவர் யாரு, தம்பியா, இவருக்கும் இவர் பிள்ளைகளுக்கும் ரத்தம் பாக்கணும், தள்ளிப் போடாதீங்க என்று சொன்னாராம். நான் அதைக் கேட்கவேயில்லை. என் காதுக்குப் பத்தடி தூரத்தில் சொன்ன வார்த்தை என்னைத் தாண்டிப் போயிற்று. புருஷன் செத்த நிமிடத்தில் அழுதுகொண்டிருந்தவள் காதில் அது விழுந்தது, விழுந்ததை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் காலை ஆறரை மணிக்கு என் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. மதினி இறங்கினாள், கூடவே அவள் மகன் முகுந்தன். முகத்தில் பொட்டு இல்லாமல் அவளை நான் அதுவரை சரியாக ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒண்ணும் சாப்பிடலைல்லா, கெளம்புங்க என்றாள். எங்கே என்று கேட்டேன். சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்கு மதினி, ஊரு என்ன சொல்லும் என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை. “ஒங்க அண்ணன்ட்ட கெஞ்சுனேன், கேக்கல. ஒங்ககிட்ட கெஞ்ச மாட்டேன் தம்பி. ஆட்டோ நிக்கி, ஏறுங்க.” ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஏறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

எனக்குக் கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பதினெட்டு, அதில் கெட்ட கொழுப்பு மட்டும் இருநூற்று நாற்பத்தொன்று. டிரெட்மில்லில் ஏற்றி நடக்க விட்டார்கள், ஆறாவது நிமிடம் நிறுத்தச் சொன்னார்கள். இரத்தக்குழாயில் மருந்து விட்டுப் படம் எடுத்ததில் ஒரு குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. எனக்கு ஒரு வலியும் இல்லை, மூச்சிரைப்பு இல்லை, முந்தின வாரம்வரை ஐம்பது கிலோ மூட்டை தூக்கியவன். உள்ளே கம்பி வலை வைத்து விரித்துவிட்டார்கள். படுக்கையில் கிடந்தவனுக்கு இதய டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். இது ஈரல், இதில் கைகள் மாதிரி இருக்கின்றன, இரத்தத்தில் போகும் கொழுப்பை அவை பிடித்து இழுத்துக்கொள்ளும், உங்கள் குடும்பத்தில் பாதிக் கைகள் பிறவியிலேயே கிடையாது, அதனால் கொழுப்பு சுற்றிச் சுற்றிக் குழாயில் படிகிறது. நான் மஞ்சள்கரு வாளியைப் பற்றிச் சொன்னேன். அதனால் கொஞ்சம் கூடியிருக்கும், ஆனால் வேர் அது இல்லை, உங்கள் அப்பா என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். கஞ்சி என்றேன். அவர் பேனாவை மூடினார். சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள், நடங்கள், பீடி சிகரெட் தொடவே கூடாது, ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது, ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும் என்றார். அன்றைக்குத்தான் நான் அண்ணனுக்காக அழுதேன். வாயைக் கட்டினால் போதும் என்று நம்பியே போய்விட்டாரே, பெரிய குற்றம் செய்யாத மஞ்சள்கருவின் மேல் பழியைப் போட்டுவிட்டு, காப்பாற்றக் கூடியதை வெளியே எறிந்துவிட்டுப் போய்விட்டாரே. மதினி கட்டில் ஓரம் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதைக் கேட்கும்போது எப்படி இருந்திருக்கும். ஒரு சுளையை என் கையில் வைத்தாள். நான் வாயில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்தது எல்லாமே கூடுதலாகக் கிடைத்த நாள் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்பாவின் நாற்பத்து மூன்றைத் தாண்டிய அன்று பேக்கரியில் யாரிடமும் சொல்லாமல் அடுப்பைத் தொட்டுக் கும்பிட்டேன். அண்ணனின் நாற்பத்தைந்து வந்தபோது ஒரு வருஷம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன், இடது தோளில் ஈ உட்கார்ந்தால்கூட வலியோ என்று நினைப்பேன், அந்த வருஷமும் போனது. இப்போது நாற்பத்தெட்டு. என் அண்ணனைவிட நான் மூன்று வயது மூத்தவன், இது எப்படி ஒரு விசித்திரம். மாத்திரை கையில் எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் அதைக் கண்டுபிடித்தவர் எந்த ஊர்க்காரரோ, என்ன சாதியோ, என்ன சாமியோ, அவர் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன். கடற்கரைச் சாலையில் காலை நடை. காற்று ஒரு நாள் உப்பாகவும் ஒரு நாள் மீனாகவும் இருக்கும். வாரத்தில் மூன்று நாள் சாளைக் குழம்பு, பொரிக்காமல். கொத்துக்கடலை, ஓட்ஸ், கத்திரிக்காய், எதுவும் எனக்குத் தண்டனையாக இல்லை. மக்ரூன் பதம் பார்க்க நாக்கு நுனியில் ஒரு துணுக்கு, அதோடு சரி. இமையில் கொழுப்பு படிந்து வந்த அந்த மஞ்சள்கூட மங்கிவிட்டது. எல்லாம் செய்தேன். செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் செய்யவில்லை. முகுந்தனுக்கு அன்றைக்கே பார்த்தார்கள், அவனுக்கு இல்லை, எல்லாம் சரியாக இருந்தது. அதைக் கேட்டதும் எனக்குள் ஒன்று சுருக்கென்று குத்தியது, அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது, அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இல்லை என்றால் என் பிள்ளைக்குத்தான் இருக்கும் என்று ஒரு கோணல் நினைப்பு, நினைத்த கையோடு கூசிப்போனேன். ஜெயரூபாவுக்கு அப்போது பன்னிரண்டு. பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதினி ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கேட்பாள், பிள்ளைக்குப் பாத்தியளா. பாக்கணும் மதினி என்பேன். பெண்பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது காதில் விழுந்தால் என்று ஒரு சாக்கு. பரீட்சை என்று ஒரு சாக்கு. உண்மையில் பார்க்காத வரைக்கும் இல்லை என்று இருந்துவிடலாம், அவ்வளவுதான். அண்ணன் சட்டைப்பையில் போட்டு எறிந்தது மாத்திரை, நான் ஆறு வருஷம் எறிந்துகொண்டிருந்தது இந்தக் காலையை.

போன வாரம் கல்லூரியில் ரத்த தான முகாம் என்று ஒரு தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று கேட்டிருக்கிறார்கள் போல. தாத்தா எத்தன வயசுலப்பா செத்தாவ என்றாள். சொன்னேன். பெரியப்பா? சொன்னேன். ஒங்களுக்குக் கம்பி வச்சது? சொன்னேன். மூன்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். கணிதம் படிக்கிற பிள்ளை. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள், “எனக்கு எப்பப்பா பாக்கப் போறிய?” மாவு வேலைக்காரனின் கை என்னுடையது, எதையாவது பிசைந்துகொண்டே இருக்க வேண்டும், அன்றைக்கு என் கை மடியிலேயே கிடந்தது. திங்கக்கெழம போவோம்மா என்றேன். ஆறு வருஷமாக வராத திங்கட்கிழமை ஒரு மூச்சில் வந்துவிட்டது.

பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள். ஒண்ணுமே தெரியலப்பா, எறும்பு கடிச்ச மாதிரி என்றாள். இட்லி சாப்பிடப் போவோமா என்றேன், ரிசல்ட்டப் பாத்துட்டே போவோம் என்றாள். இரண்டு மணி நேரம் ஆகும் என்றேன். இருக்கட்டும் என்று பையிலிருந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பேனா தாளில் உரசும் சத்தம். அவள் இமையைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறேன், சுத்தமாக இருக்கிறது, பதினெட்டு வயதில் எங்கே தெரியும், எனக்கே முப்பத்தெட்டில்தான் வந்தது. இவள் பிறந்தபோது என் கையில் வைத்த நர்ஸ், மூக்கு அப்படியே அப்பா மாதிரி என்று சொன்னாள், நான் பெருமைப்பட்டேன், மூக்கோடு வேறு என்ன வந்தது என்று அன்றைக்கு யார் கேட்டது. கடவுளே, அவள் அம்மாவின் இரத்தமாக இருக்கட்டும். இருந்தால்? இருந்தால் என்ன, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேனே. இருந்தால் என்ன. இல்லை, இருக்கக் கூடாது. எதிரே இருந்த பெரியவர் போய் வேறொருவர் வந்துவிட்டார். ஒன்பதே முக்காலுக்கு ஜெயரூபா, சேர்மராஜ் மகள் என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். நான் எழுந்திருப்பதற்குள் அவள் போய்விட்டாள். தாளை நின்ற இடத்திலேயே பிரித்தாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. வந்து என் கையில் கொடுத்தாள். கெட்ட கொழுப்பு என்கிற இடத்தில் இருநூற்றுப் பதினாலு, பக்கத்தில் தடித்த எழுத்து. எழுத்து நகர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், இருநூற்றுப் பதினாலுதான். நான் கொடுத்தது. என் அப்பா எனக்குக் கொடுத்ததை நான் இவளுக்குக் கொடுத்தேன். மன்னிச்சிக்கோம்மா என்று வாயெடுத்தேன், அதற்குள் அவள் கேட்டாள்.

“ஒங்களுக்கு இப்ப எவ்வளவுப்பா?”

“அறுபத்தஞ்சு.”

“மொதல்ல இருநூத்தி நாப்பதுல்லா? அப்ப எனக்கும் எறங்கும்.”

அவ்வளவுதான் சொன்னாள். நோட்டை மூடிப் பையில் போட்டாள். டாக்டரிடம் வியாழக்கிழமை போகலாமா, அன்றைக்கு மதியம் வகுப்பு இல்லை என்று கேட்டாள், பெண்களுக்கு எந்த வயதில் எந்த மாத்திரை என்று அவரிடம் கேட்க வேண்டும் என்றாள், எல்லாம் பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரி. என் பயம் போகவில்லை, ஆனால் அதற்கு அடியில் வேறு ஒன்று மெதுவாக மேலே வந்தது. அப்பாவுக்கு ஒரு நாளும் தெரியவில்லை. அண்ணனுக்குச் சாவதற்கு ஒரு வருஷம் முன்னால் தெரிந்தது. எனக்கு நாற்பத்திரண்டில், குழாய் முக்கால்வாசி அடைத்த பிறகு. இவளுக்குப் பதினெட்டில் தெரிந்துவிட்டது, இவள் குழாயில் இன்னும் பெரிதாக எதுவும் படிந்திருக்காது. வாசலுக்கு வந்து மதினிக்குப் போன் போட்டேன். இந்த நேரத்தில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருப்பாள், முதல் மணியிலேயே எடுத்தாள். நம்பரைச் சொன்னேன். பின்னால் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மதினி, தெரிஞ்சிட்டுல்லா தம்பி என்றாள், “தெரிஞ்சிட்டு. இவ நம்ம பேச்சக் கேக்கிற பிள்ள. அவகிட்ட குடுங்க.”

கொடுத்தேன். ஜெயரூபா படியில் நின்று பெரியம்மா பேசுவதைக் கேட்டாள். சரி பெரியம்மா. ம். சரி. இடையில் ஒரு தடவை சிரித்தாள், ஒரு தடவை புறங்கையால் மூக்கைத் துடைத்தாள், அப்போதுதான் அவளும் அழுதிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. போன் திரும்ப என் கைக்கு வந்தபோது மதினி இன்னும் இணைப்பில்தான் இருந்தாள். அந்த ஆட்டோவைப் பற்றி ஆறு வருஷமாக நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை, அந்த வார்த்தை மேடையில் பேசுகிறவர்களுடையது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன்.

“மதினி, அன்னைக்கு நீங்க மட்டும் ஆட்டோவக் கொண்டாந்து நிறுத்தலேன்னா...”

அவள் என்னை முடிக்க விடவில்லை.

“நீங்கதான் ஏறுனியள்லா தம்பி,” என்றாள். “ஏறுனதே எனக்குப் போதும்.”